ஸ்கூபா கருவிகள்: ஆன்லைனில் வாங்கலாமா, டைவ் கடையிலா? விலைக்கு முன்னால் ஒரு கேள்வி

புதுச்சேரியிலோ அந்தமானிலோ மூன்று, நான்கு நாள் ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்து கார்டு வாங்கியவர்கள், அன்றைக்கு ராத்திரியே செய்கிற வேலை ஒன்று உண்டு. போனை எடுத்து ஸ்கூபா கருவிகளைத் தேடுவது. மாஸ்க், ஃபின், வெட்சூட், ரெகுலேட்டர், டைவ் கம்ப்யூட்டர் என்று திரை நிறைய வந்து நிற்கும். பயிற்சி தந்த கடையில் சொன்ன விலையைவிடச் சில ஆயிரம் குறைவாகவும் இருக்கும். ‘அதே பிராண்ட், அதே மாடல், அப்புறம் எதுக்குக் கடைக்குப் போகணும்?’ என்று தோன்றுவது இயல்புதான்.

செல்போன், செருப்பு, மிக்ஸி எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வியை நாம் கேட்டு முடித்துவிட்டோம். ஸ்கூபாவில் மட்டும் பதில் கொஞ்சம் வேறு. இந்தப் பையில் இருக்கும் பொருட்களில் சில சௌகரியத்துக்கானவை. சில உங்கள் மூச்சைச் சுமப்பவை. இரண்டையும் ஒரே கார்ட்டில் போட்டு ஒரே மாதிரி விலை ஒப்பிடுவதுதான் தப்பு. ‘எங்கே மலிவு?’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: தண்ணீருக்கு அடியில் இது பழுதானால் எனக்கு என்ன ஆகும், அடுத்த வருஷம் இதைப் பிரித்து சர்வீஸ் பண்ணித் தரப்போவது யார்?

ஆன்லைன் பக்கம் இருக்கும் நியாயம்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். நம் ஊரில் ‘டைவ் கடை’ என்று சொல்வது பெரும்பாலும் பயிற்சி மையத்தைத்தான். முன்னறையில் ஒரு அலமாரி, அதில் நாலைந்து மாஸ்க், ரெண்டு மூன்று ஜோடி ஃபின், கொஞ்சம் டி-ஷர்ட். மற்றதெல்லாம் ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கு அதுவும் பக்கத்தில் இல்லை.

அளவு இன்னொரு பிரச்சினை. ஒல்லியான பெண்களுக்கான வெட்சூட், ரொம்பச் சின்ன அளவு பூட், கண்ணாடி போடுபவர்களுக்கான பவர் லென்ஸ் மாஸ்க் இதெல்லாம் அலமாரியில் தயாராக இருப்பது அபூர்வம். ஆன்லைனில் தேடினால் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது விஷயம் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது, ஆனால் சொல்லியாக வேண்டும். நீச்சல்குளத்தில் உங்கள் உயிரைப் பார்த்துக்கொண்ட அதே பயிற்சியாளர், மாலையில் ‘இந்த பிராண்ட்தான் பெஸ்ட்’ என்றால் நாம் நம்பிவிடுவோம். அவர் விற்பது அந்த பிராண்டை மட்டும்தான் என்பதை யோசிக்க மாட்டோம். ஆன்லைனில் பத்து பிராண்டை வரிசையாக வைத்துப் பார்க்க முடிகிறது.

ஆகவே டார்ச், வலைப்பை, டேங்க் மேல் தட்டி ஒலி எழுப்பும் குச்சி, தண்ணீருக்கடியில் எழுதும் பலகை போன்றவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம். இதில் தர்மசங்கடம் எதுவும் இல்லை.

மாஸ்க்: ஸ்டார் ரேட்டிங் சொல்லாத விஷயம்

சொந்தமாக முதலில் வாங்க வேண்டிய பொருள் மாஸ்க்தான். அது நல்ல மாஸ்க்கா என்பதைவிட, உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். ஆயிரம் பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கலாம்; அவர்கள் முகம் வேறு, உங்கள் முகம் வேறு.

சோதித்துப் பார்ப்பது ரொம்ப சுலபம். தலைப்பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தோடு ஒட்டி நின்றால் பொருந்துகிறது. எங்காவது காற்று நுழைந்து விழுந்துவிட்டால், கடலில் அதே வழியாகத் தண்ணீர் நுழையும். மீசை வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மேலுதட்டில் ரப்பர் உட்காரும் இடத்தில் ஒவ்வொரு முடியும் ஒரு வாய்க்கால்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஒரு ஷாப்பிங் தளத்தில் பார்க்க அழகாக இருந்த மாஸ்க்கை வாங்கி வைத்தேன். டிரிப் இரண்டு மாதம் கழித்து. பொருளைத் திருப்பி அனுப்பத் தந்த அவகாசம் பத்தே நாள். முதல் டைவிலேயே ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மூக்கு வரைக்கும் ஏறியது. மீனைப் பார்த்ததைவிட மாஸ்க்கை ஊதிக் காலி செய்த நேரம்தான் ஜாஸ்தி. திரும்பி வந்து புகார் கொடுக்கலாம் என்றால் அவகாசம் எப்போதோ முடிந்திருந்தது. ஸ்கூபா பொருட்களுக்கு இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். வாங்குவது வீட்டில், சோதிப்பது கடலில். நடுவில் ரிட்டர்ன் தேதி ஓடிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து: நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போக முடியாது. டைவிங் மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடும். ஆழம் கூடக்கூட வெளியே தண்ணீரின் அழுத்தம் ஏறி மாஸ்க் முகத்தைக் கவ்வும்போது, மூக்கால் கொஞ்சம் காற்று விட்டுச் சமன் செய்வதற்காகத்தான் அந்த அமைப்பு. மேற்பரப்பில் மிதந்து பார்ப்பதற்கான முழுமுக ஸ்நார்கெல் மாஸ்க்கும் ஸ்கூபாவுக்கு ஆகாது.

ஃபின், பூட், வெட்சூட் மூன்றும் இதே வகைதான். பின்பக்கம் திறந்த ஃபின் வாங்கினால் அதற்குள் போடும் பூட்டோடு சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் கடல் வெப்பத்துக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஆனால் தொளதொளவென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் தாங்காது. முடிந்தால் இவற்றைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். தப்பாகப் போனால் நஷ்டம் பணத்தோடும் ஒரு கெட்டுப்போன டைவோடும் முடிந்துவிடும்.

ரெகுலேட்டர்: இங்கேதான் கணக்கு மாறுகிறது

1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் உருவாக்கிய வால்வுதான் இன்றைய ரெகுலேட்டரின் முன்னோடி. போர்க்கால எரிபொருள் தட்டுப்பாட்டில் காரை வாயுவில் ஓட்டுவதற்காகச் செய்த வால்வை, மனிதன் மூச்சு விடுவதற்காக மாற்றினார்கள். அடிப்படை வேலை இன்றும் அதேதான்.

நிரப்பிய டேங்கில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. டேங்கில் மாட்டும் முதல் பகுதி, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் அதிகம் என்ற அளவுக்கு அதைக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாவது பகுதி, நீங்கள் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாக்கி, இழுக்கும்போது மட்டும் காற்றைத் தருகிறது. இவ்வளவையும் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஓ-ரிங், ஸ்பிரிங், வால்வு இருக்கைகள் செய்கின்றன. உப்பு படியும், ரப்பர் காயும், இருக்கையில் பள்ளம் விழும். அதனால்தான் பிராண்டைப் பொறுத்து ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 100 டைவுக்கு ஒருமுறை பிரித்து சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள்.

பழுதானால் என்ன ஆகும்? நவீன ரெகுலேட்டர்கள் பெரும்பாலும் காற்றை நிறுத்திவிடாது. திறந்த குழாய் மாதிரி கொட்டத் தொடங்கும். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பாருக்குச் சுமார் 2,200 லிட்டர் காற்று. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் 56 லிட்டர் இழுப்பார். மேலே வருவதற்கு 50 பார் மிச்சம் வைத்தால், நிதானமாக இருப்பவருக்கே அந்த ஆழத்தில் அரை மணி நேரம்தான். ரெகுலேட்டர் கொட்ட ஆரம்பித்தால் அது சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும்.

அந்தச் சில நிமிடங்களில் புதியவர் பயந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான் உண்மையான ஆபத்து. 10 மீட்டரில் நுரையீரலில் இருந்த காற்று, மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும். அதைத் தாங்கும் நுரையீரல் யாருக்கும் கிடையாது.

மிதவைச் சட்டையான பிசிடியும் இதே வகைதான். அதில் காற்றடைக்கும் பொத்தான் சிக்கிக்கொண்டால் சட்டை தானாக ஊதி, உங்களைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடும். பழைய பிசிடியை யாரோ விற்கிறார்கள் என்று வாங்குபவர்கள், முதலில் அந்தப் பொத்தானை சர்வீஸ் செய்த பிறகே தண்ணீரில் இறங்க வேண்டும்.

மிச்சமாகும் ஆறாயிரம் எங்கே போகிறது?

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ரெகுலேட்டர் செட் கடையில் 40,000 ரூபாய், வெளிநாட்டுத் தளத்தில் 34,000 என்று வைத்துக்கொள்வோம். லாபம் 6,000. இப்போது மறுபக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மாற்று ரெகுலேட்டர், அழுத்த மீட்டர் தனித்தனியாக வந்தால் சரியாகக் கோர்த்து அழுத்தம் பார்த்துத் தர ஒருவர் வேண்டும். அதற்கும் கூலி உண்டு. பல பிராண்டுகள் அங்கீகரித்த விற்பனையாளரிடம் வாங்கினால்தான் வாரண்டி தருகின்றன. சர்வீஸ் உதிரி பாகங்களும் அங்கீகரித்த டெக்னீஷியன்களுக்குத்தான் முறையாகப் போகின்றன. அந்த பிராண்டுக்கு இந்தியாவில் சர்வீஸ் ஆளே இல்லை என்றால், ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் வாங்க வேண்டும். ஆறாயிரம் முதல் சர்வீஸிலேயே கரைந்துவிடலாம்.

பொருத்தம் என்று இன்னொன்று இருக்கிறது. டேங்க் வால்வில் ரெகுலேட்டரை மாட்ட இரண்டு முறை உண்டு: மேலே கவ்விப் பிடிக்கும் யோக், மரையில் திருகி மாட்டும் டின். ஐரோப்பாவில் டின் அதிகம். ஆசியச் சுற்றுலாத் தலங்கள் பலவற்றில் யோக் அதிகம். மலிவாகக் கிடைத்தது என்று டின் வாங்கிவிட்டு, படகில் ஏறின பிறகு அடாப்டர் தேடுவது தேவையா? நீங்கள் வழக்கமாக டைவ் செய்யும் இடத்தில் எது இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் போதும்.

அதைவிட அடிப்படையான கேள்வி: உங்களுக்கு சொந்த ரெகுலேட்டர் தேவையா? வருஷத்துக்கு ஒரு டிரிப், ஆறு டைவ் போகிறவர் என்றால், டைவ் கட்டணத்திலேயே பெரும்பாலும் கருவி வாடகையும் சேர்ந்திருக்கும். மீதி பதினோரு மாதம் சென்னை வெக்கையில் அலமாரிக்குள் காயப்போகும் ரெகுலேட்டருக்கும் சர்வீஸ் செலவு உண்டு. முழு செட்டையும் தூக்கிக்கொண்டு விமானத்தில் அந்தமானுக்குப் போனால், பெட்டிக்கான எடையில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். புதியவர்களுக்கு எங்கள் பதில்: முதல் வருஷம் மாஸ்க் மட்டும். அடுத்து கம்ப்யூட்டர். ரெகுலேட்டரும் பிசிடியும் பிறகு பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் நடுவில் நிற்கும் பொருள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறோம் என்று சொல்வது அதுதான். பேட்டரியை நாமே மாற்றலாமா, இந்தியாவில் வாரண்டி உண்டா என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், அங்கீகரித்த விற்பனையாளரிடம் ஆன்லைனிலேயே வாங்கலாம்.

மினி டேங்க்: யாரும் கார்டு கேட்காத கடை

இந்த விவாதத்தில் எங்களை அதிகம் பயமுறுத்துவது வேறொரு பொருள். கையடக்கமான அரை லிட்டர் ‘மினி ஸ்கூபா டேங்க்’. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு பம்போடு, ‘பயிற்சியே வேண்டாம்’ என்ற தொனியில் விற்கிறார்கள்.

அரை லிட்டர், 200 பார் என்றால் மொத்தம் 100 லிட்டர் காற்று. மேற்பரப்பிலேயே ஐந்து நிமிடம். 10 மீட்டரில் இரண்டரை நிமிடம். டைவ் மையத்தின் கம்ப்ரஸர் ஈரத்தையும் எண்ணெய்ப் புகையையும் வடிகட்டி நிரப்பும். கைப்பம்பில் அந்த அளவு வடிகட்டல் கிடையாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம், அழுத்தக் காற்றை ஒரே ஒரு மூச்சு இழுத்தாலும் விதி ஒன்றுதான்: மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வரக் கூடாது. ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து அப்படி வந்தாலும் நுரையீரல் கிழியலாம். அது வீட்டு நீச்சல்குளத்தின் ஆழம்தான். வெறும் மூச்சடக்கி முங்கி விளையாடிப் பழகிய பிள்ளைக்கு, மூச்சைப் பிடிப்பதுதான் இயல்பாக வரும்.

சட்டத்திலும் ஒரு சந்து இருக்கிறது. அழுத்த வாயு சிலிண்டர்களை இறக்குமதி செய்யவும் நிரப்பவும் 2016-ம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகள் பொருந்தும். அதை அமல்படுத்துவது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. ஆனால் அந்த விதிகளின்படி ‘சிலிண்டர்’ என்பது 500 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள கலன். சரியாக அரை லிட்டர் என்று விற்கப்படுவது அந்தக் கோட்டுக்கு வெளியே நழுவிவிடுகிறது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் வகைகள் உள்ளே வரும். அவற்றுக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று எத்தனை விற்பனைப் பக்கங்கள் சொல்கின்றன என்று நீங்களே பாருங்கள்.

டைவ் கடைக்குப் போய் ரெகுலேட்டர் கேட்டால், ‘எங்கே கோர்ஸ் முடிச்சீங்க?’ என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆன்லைனில் கேட்பது பின்கோடு மட்டும்தான். விற்பனைத் தளங்கள் குறைந்தபட்சம் ‘பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்’ என்ற எச்சரிக்கையைப் படத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். அரை லிட்டர் எல்லையை ஒன்றிய அரசு மறுபடி பார்க்க வேண்டும். ஒரு விபத்து நடக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைகளும் மாறணும்

‘உள்ளூர்க் கடையை ஆதரியுங்கள்’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அது பாதி நியாயம்தான். நம்பிக்கையைக் காட்டி விலை ஏற்றும் கடைக்கு விசுவாசமாக இருக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. விலைப் பட்டியலை வெளியே ஒட்டலாம். ஜிஎஸ்டி பில் தரலாம். சர்வீஸ் செய்யும் டெக்னீஷியன் எந்த பிராண்டில் பயிற்சி பெற்றவர் என்று காட்டலாம். வெளியில் வாங்கிய கருவியைக் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல், நியாயமான கூலிக்குச் சரிபார்த்துத் தரலாம். மாஸ்க்கைக் குளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க விடலாம். ஆன்லைன் தர முடியாத சேவை இது.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அரை மணி நேரம் பத்து மாஸ்க் போட்டுப் பார்த்து, அளவு குறித்துக்கொண்டு, வாசலில் நின்றே போனில் ஆர்டர் போடுவது சரியில்லை. நம் கரையில் டைவ் மையங்கள் அதிகம் இல்லை. கடல் சரியில்லாத மாதங்களில் அவர்களுக்கு வருமானமும் இல்லை. கருவி விற்ற லாபத்தில்தான் கம்ப்ரஸருக்கு ஃபில்டர் மாற்றுவதும், படகுக்கு டீசல் போடுவதும் ஓரளவு நடக்கிறது. ரெகுலேட்டர் கூரியரில் வந்துவிடும்; அதற்குள் போக வேண்டிய சுத்தமான காற்று கூரியரில் வராது.

சரி, எதை எங்கே வாங்கலாம்?

டார்ச், பை, சின்னச் சாமான்கள்: எங்கே மலிவோ அங்கே.

மாஸ்க், ஃபின், பூட், வெட்சூட்: போட்டுப் பார்த்து. கடை பக்கத்தில் இல்லை என்றால் ஆன்லைனில் வாங்கி, வந்த அன்றே போட்டுப் பாருங்கள். ரிட்டர்ன் தேதியை காலண்டரில் குறியுங்கள்.

டைவ் கம்ப்யூட்டர்: இந்திய வாரண்டி இருந்தால் இரண்டு இடத்திலும்.

ரெகுலேட்டர், பிசிடி: சர்வீஸ் செய்து தரப்போகிறவர் வழியாக. கடையின் ஆன்லைன் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

டேங்க்: சுற்றுலா டைவர்கள் வாங்கவே வேண்டாம். குறிப்பிட்ட இடைவெளியில் அழுத்தச் சோதனை செய்த ஆதாரம் இல்லாத டேங்கைப் பொறுப்பான மையம் எதுவும் நிரப்பாது.

ஆன்லைனில் ரெகுலேட்டர் வாங்கியே தீருவேன் என்பவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஐரோப்பியத் தரமான இஎன் 250 முத்திரையும், சிஇ குறிக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் இருக்கிறதா? இரண்டு, சீரியல் நம்பரை பிராண்டுக்கே மின்னஞ்சல் அனுப்பி அசலா என்று உறுதி செய்தீர்களா? மூன்று, இறக்குமதியாளர் பெயரும் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதும் விற்பனைப் பக்கத்தில் இருக்கிறதா? 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி இது கட்டாயம். அதே விதிகளின்படி, புகார் கொடுத்தால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

எங்கே வாங்கினாலும், புதுக் கருவியை முதலில் ஒரு நீச்சல்குளத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது போட்டுப் பாருங்கள். 18 மீட்டர் ஆழம் அன்பாக்ஸிங் செய்யும் இடம் இல்லை.